"அது தேறாது"

அன்புள்ள ஐயா,

என் மகன் எம்.பி.பி.எஸ். முடித்துச் சென்னையில் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) இருக்கிறான். தெருவில் நாய்க்குட்டி அடிபட்டாலே அழுகிறவன். இப்போது வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. நோயாளிகளைப் பற்றிக் கேட்டால், "பதினாலாம் பெட்டா? அது தேறாது" என்கிறான். மனுஷனைப் போய் 'அது' என்கிறான்! டாக்டர் ஆனதும் திமிர் ஏறிவிட்டது என்கிறார் என் கணவர். எங்கள் வளர்ப்பில் தப்பா?

ஒரு தாய், பெரம்பூர்

அன்புள்ள சகோதரி,

வளர்ப்பில் தப்பில்லை. அந்த 'அது'வைத் திமிர் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பணிச்சோர்வை ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், மனசு வற்றிப்போவதோடு இதையும் அதன் அடையாளமாகச் சொல்கிறார்: எதிரே இருப்பவர் ஆளாகத் தெரியாமல் கேஸாகத் தெரிவது. அழுதுகொண்டே முப்பது பேருக்கு ஊசி போட முடியுமா?

போன வருடம் அண்ணனுக்குத் துணையாக ஒரு மருத்துவமனை வார்டில் மூன்று இரவு இருந்தேன். முதல் நாள் காலையில் பார்த்த பயிற்சி டாக்டர் பெண், மறுநாள் மதியமும் ரத்த சாம்பிளோடு லேபுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். (அந்த வேலைக்கு எம்.பி.பி.எஸ். எதற்கு?) அப்புறம் ரவுண்ட்ஸில், நோயாளிகள் முன்னாலேயே அவளுக்குத் திட்டு. தூக்கம் கெடுவதைவிட அந்தத் திட்டுதான் ஆளைத் தின்கிறது என்று எனக்குப் படுகிறது. இதற்கு மேல் மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு வேறு.

ரெசிடென்ட் டாக்டர்களுக்கு (மருத்துவமனையில் பயிற்சியோடு வேலை பார்ப்பவர்கள்) வாரம் 48 மணி நேர வேலை என்று 1992லேயே மத்திய அரசு எழுதிவைத்தது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. முன்னேற்றம்தான்! அதே குழுவின் கணக்கெடுப்பில், எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பையன் தனி ஆள் இல்லை.

டூட்டி முடிந்து வந்தால் எதுவும் கேட்காமல் சோறு போட்டுத் தூங்கவிடுங்கள். பி.ஜி. பேச்சைக் கொஞ்ச நாள் எடுக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். நன்றாகத் தூங்கிய பிறகும் இப்படியே நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 'கீழ்ப்பாக்கம்' என்று கேலி பேசியே வளர்ந்த ஊர் நம்முடையது, டாக்டர்களுக்கும் அந்தக் கூச்சம் உண்டு. 'இருந்து என்ன ஆகப்போகுது' என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவன் மறுத்தால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.