ஓட்டல் சாப்பாடுதான் காரணமா? கேள்விகளும் பதில்களும்

உணவால் வரும் நோய்களை விசாரிக்கிற வேலையில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து கேட்காதீர்கள். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: மதியம் ஓட்டலில் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு, வாந்தி இல்லை. அந்தச் சாப்பாடுதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது எல்லோரும் செய்கிற காரியம். அவ்வளவு சீக்கிரம் ஆளைப் படுக்க வைப்பது, கிருமி ஏற்கெனவே உணவில் சுரந்து வைத்திருக்கும் நச்சுதான், அதில் வாந்திதான் முந்திக்கொண்டு வரும். ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு என்றால் 30 நிமிடத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, ஒரு நாளில் அடங்கிவிடும். வயிற்றுப்போக்கு மட்டும் என்றால் இன்னும் பின்னால் போய்த் தேட வேண்டும், சாப்பிட்டதிலிருந்து நோய் தெரிய ஒவ்வொரு கிருமிக்கும் ஆகும் நேரம் வேறு: க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் 6 முதல் 24 மணி நேரம், நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம், சால்மோனெல்லா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை, சரியாக வேகாத கோழியில் வரும் கேம்பைலோபாக்டர் 2 முதல் 5 நாள். அதனால் முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து, குறைந்தது மூன்று நாள் சாப்பிட்டது குடித்தது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள், வீட்டில் சாப்பிட்டதையும் சேர்த்துத்தான். அதை மட்டும் யாரும் எழுதுவதே இல்லை!

கேள்வி: நாலு பேர் ஒன்றாகச் சாப்பிட்டோம், எனக்கு மட்டும் முடியவில்லை. அப்போ ஓட்டல் காரணம் இல்லையா?

பதில்: சந்தேகம் குறையும், தீராது. நீங்கள் மட்டும் சாப்பிட்ட பதார்த்தம் ஏதாவது உண்டா? கிருமி உணவு முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, ஒருவர் தட்டுக்கு அதிகமாக வந்திருக்கலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களை இது சுலபமாகப் பிடிக்கும். இன்னொரு பக்கம், ஒரே வீட்டில் எல்லோருக்கும் வந்தால் ஓட்டலில்தான் வந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது, நோரோவைரஸ் குழந்தையிடமிருந்தே தொற்றியிருக்கலாம். வெவ்வேறு வீட்டுக்காரர்கள், ஒரே பதார்த்தம், ஏறக்குறைய ஒரே நேரம், ஒரே மாதிரி தொந்தரவு என்று புகார் வந்தால்தான் நாங்கள் உடனே கிளம்புவோம்.

கேள்வி: சாப்பாடு சூடாக, வாசனையாகத்தானே இருந்தது?

பதில்: நாற்றம் வர வைக்கும் கிருமிகள் வேறு, நோய் தருகிறவை வேறு. சோற்றைச் சமைத்து வெளியிலேயே வைத்திருந்தால் பேசில்லஸ் சீரியஸ் அதில் பெருகி நச்சை விட்டுவிடும், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணிக் கொடுத்தாலும் அந்த நச்சு போகாது. ஆவி பறந்தது என்பது சாட்சியே இல்லை.

கேள்வி: டெஸ்ட் எடுத்தால் எந்தக் கடை என்று தெரிந்துவிடுமா?

பதில்: மலப் பரிசோதனை கிருமியின் பெயரைச் சொல்லும், கடையின் பெயரைச் சொல்லாது. ஆனால் கிருமி தெரிந்துவிட்டால் எந்த வேளைச் சாப்பாடு என்று தேடுவது சுலபம். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே மாதிரி கொடுத்துவிடுங்கள். பார்சல் மிச்சம் இருந்தால் மூடி, தேதி எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள், பில்லையும் எறியாதீர்கள். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: கடையைத் திட்டி இணையத்தில் எழுதிவிட்டேன், போதுமா?

பதில்: சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். அதே கடையைப் பற்றி வேறு யாராவது புகார் கொடுத்திருந்தால் சேர்த்துப் பார்ப்பது அங்கேதான் நடக்கும்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பதில்: மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூன்று நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமை, சிறுநீர் குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். ரத்தம் போகும்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள், ஈ.கோலை என்ற கிருமியின் சில வகைகளில் அது சிறுநீரகம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் முன்பே போகட்டும்.

கேள்வி: மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ என்றார்கள். முந்தாநாள் ஓட்டலில் சாப்பிட்டேன், அதனாலா?

பதில்: இல்லை. அது வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். போன மாதம் எங்கே சாப்பிட்டீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று யோசியுங்கள்.