கடலில் காற்று என்றால் கரையில் நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: குளச்சல் பக்கம் கடற்கரை ஊர் எங்களுக்கு. வயது 44. வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போகிறவர், போனால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். காற்று, புயல் என்று செய்தி வந்தாலே எனக்கு வெப்ராளம் (பதற்றம்), நெஞ்சு படபடக்கும், வயிறு எரியும், கழுத்து இறுகும், ராத்திரி தூக்கம் கிடையாது. ஒக்கி புயலில் என் தம்பி போனான், அதற்கப்புறம்தான் இப்படி. இசிஜி, எக்கோ, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை, மனசுதான் என்கிறார்கள். நடிக்கிறாள் என்கிறார் மாமியார். இது நோயா இல்லையா டாக்டர்?

பதில்: நீங்கள் நடிக்கவில்லை அம்மா. மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்து இதை வாசியுங்கள்.

பயம் மனசில் தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை. ஆபத்து என்று மூளைக்குப் பட்ட சில நொடிகளில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினை ரத்தத்தில் கலக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. ஓடித் தப்பிப்பதற்கான ஏற்பாடு இது. நீங்கள் எங்கே ஓடுவது? போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கத்தானே முடியும். அது நாள்கணக்கில் நீண்டால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடும், தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலியும் எரிச்சலும் இரண்டு பங்காகத் தெரியும். உறுப்பில் பெரிய கோளாறு இல்லை என்றுதான் பரிசோதனைகள் சொல்கின்றன, வலி இல்லை என்று அவை சொல்லவில்லை.

திடீர் அதிர்ச்சியில் இதயமே சில நாட்களுக்குப் பலமிழந்துபோகும் டகோட்சுபோ என்ற நிலைகூட உண்டு, ஜப்பான் மருத்துவர்கள் 1990-ல் விவரித்தார்கள். உங்கள் எக்கோ சரியாக இருப்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

தம்பியைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஒக்கி வீசிய 2017 நவம்பர் 30-க்குப் பிறகு நம் கரையில் எத்தனையோ பேருடைய உடல் வந்து சேரவே இல்லை, அந்த வீடுகளில் அழுது தீர்க்கக்கூட வழியில்லாமல் போனது. அப்படி உள்ளேயே நிற்கிற துக்கம், அடுத்த புயல் எச்சரிக்கை வரும்போது உடம்பைத்தான் பிடிக்கும். நவம்பர் நெருங்கினால் தொந்தரவு கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் இதை முதலில் சொல்லுங்கள். அங்கே போனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. பேச்சு சிகிச்சை இருக்கிறது, மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மெல்லப் பலன் தெரியும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், பழகிவிட்டால் விடுவது கஷ்டம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், இலவசம்.

அப்புறம், தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தீர்களா? இரண்டுமே படபடப்பைத் தரும். இந்த வயதில் மாதவிடாய் மாறுவதும் தரலாம். கட்டன்சாயாவை (பால் விடாத டீ) மதியத்தோடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற புயல் செய்தி எல்லாவற்றையும் திறக்காதீர்கள், விவரம் தெரிந்த ஒருவரிடம் காலையும் மாலையும் கேட்டால் போதும். படபடப்பு வரும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம். மூச்சு விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும்.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், வியர்த்து மூச்சு வாங்கினால், வெப்ராளம்தான் என்று படுத்துவிடாமல் உடனே 108.

வீட்டுக்காரர் கரைக்கு வந்ததும் டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் பிரஷர், சுகர் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருக்கும்.