எலி திருடியது இருக்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. வழிப்பறி செய்யும் எலியைப் பற்றிய 'தி ஹைவே ராட்' என்ற ஆங்கிலப் படக்கதையைத் தினமும் படிக்கச் சொல்லிச் சிரிக்கிறான். "திருட்டுக் கதை கேட்டுத்தான் பிள்ளை கெடுகிறான்" என்கிறார் என் மாமியார். சென்ற மாதம் அடுத்த வீட்டுப் பையனின் விலையுயர்ந்த பொம்மைக் காரை எடுத்து வந்துவிட்டான். அந்த வீட்டில் வேலை செய்யும் அம்மாவைக்கூட விசாரித்தார்களாம். நல்ல வேளையாக, இரவில் நானே அதை அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். இந்தப் புத்தகத்தை ஒளித்து வைத்துவிடலாமா?

பதில்: பிள்ளையைக் கெடுத்தது எது என்று கேட்டு வரும் கடிதங்களில் முன்பு சினிமா இருந்தது, பிறகு தொலைக்காட்சி இருந்தது, இப்போது எலி வந்திருக்கிறது. திருட்டு விலங்குகள் நமக்குப் புதியவை அல்ல. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்திலேயே ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள் நிற்கின்றன. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு உறுத்துவது உங்கள் "நல்ல வேளை". யாருக்கு நல்ல வேளை? தான் எடுக்காத பொருளுக்காக ஒரு பெண் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்று பதில் சொல்லியிருக்கிறார். அது தெரிந்த பிறகும் நீங்கள் வாய் திறக்கவில்லை. கார் வாசலில் கிடந்ததைப் பார்த்தவர்கள், விசாரணைக்குப் பயந்து அவர்தான் திருப்பி வைத்தார் என்று நினைத்திருக்க மாட்டார்களா? உங்கள் மகன் எடுத்தது ஒரு பொம்மை. நீங்கள் எடுத்தது அந்த அம்மாவின் நல்ல பெயர்.

ஜூலியா டொனால்ட்சன் எழுதி ஆக்சல் ஷெஃப்லர் படம் வரைந்து 2011இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை நீங்கள் கடைசிவரை கவனித்துப் படித்தீர்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. முயலின் தீவனப்புல்லையும் அணிலின் கொட்டைகளையும், தன்னைச் சுமக்கும் குதிரையின் வைக்கோலையும்கூடப் பறிக்கும் அந்த எலியை, ஒரு வாத்து ஏமாற்றிக் குகைக்குள் அனுப்பிவிட்டுப் பறிபோன உணவை உரியவர்களிடமே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எலியோ இளைத்து நரைத்து மறுபக்கம் வெளியேறி, ஒரு கேக் கடையில் தரை பெருக்குகிறது. அந்தத் துடைப்பம் உங்கள் மகன் கைக்கு வரவேயில்லை, ஏனென்றால் அவனுக்காக நீங்களே இருட்டில் பெருக்கி முடித்துவிட்டீர்கள். பிள்ளையின் அவமானத்தைத் தாங்கிக்கொள்வதுதான் தாய்மை என்று நம் குடும்பங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. நான் அதை ஏற்பவள் அல்ல. அவமானத்தை இன்னொரு வீட்டு ஏழைத் தாயின் தலையில் இறக்கி வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். அவன் எடுத்ததை அவன் சொல்லட்டும், நீங்கள் மறைத்ததை நீங்கள் சொல்லுங்கள், வீட்டுக்காரர்களிடம் மட்டும் அல்ல, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தும் சொல்லுங்கள். அவர் வேலைக்கு வரும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.