உப்புத் தண்ணீரும் பனியன் வேஸ்ட்டும்

அன்புள்ள ஐயா,

என்னிடம் 2002-ஆம் ஆண்டின் ஃபோர்டு ஐகான் 1.6 இருக்கிறது. கருப்பு நிறம். அப்பா வாங்கிய வண்டி; விற்க மனம் வராமல் எஞ்சின், சஸ்பென்ஷன் வேலைகளைச் செய்து நல்ல ஓட்டத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. கதவுகளில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைப் புள்ளிகள். வாட்டர் சர்வீஸ் கடையில் ரப்பிங் போட்டுப் பாலிஷ் அடித்தால் போதும் என்கிறார்கள். நண்பர் ஒருவர், பெயிண்ட்டின் மேல் கடினமான பாதுகாப்புப் படலமாகப் பூசும் செராமிக் கோட்டிங்தான் தீர்வு என்கிறார். ஆயுத பூஜைக்கு முந்தைய சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. நானே செய்ய முடியுமா? பூஜையன்று அம்மா பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அதனால் பெயிண்ட் கெடுமா?

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்களே செய்யலாம். ஆனால் இரண்டு நாளில் ஒன்றரை நாளைக் கழுவுவதற்கும் துடைப்பதற்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்தால் பாலிஷைத் தொடுங்கள். உங்கள் கடிதத்தில் சொன்ன இரண்டு குறைகளுமே வண்டியைக் கழுவிய முறையால் வந்தவை. அந்த முறை மாறாதவரை, எந்தப் பாலிஷ் போட்டாலும் இரண்டு மாதத்தில் அதே வலை திரும்ப வந்து நிற்கும்.

முதலில் அந்த வலையைப் பார்ப்போம். வெயிலில் பானெட்டைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். வலையும் உங்களோடு நகரும். கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. இவற்றை உண்டாக்குவது பெரும்பாலும் தூசியோடு சேர்த்துத் தேய்க்கப்படும் துணி. திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் நம் பகுதியில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மூலையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனிகளின் கழிவுத் துணி, கிடக்கும். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. நானும் பல ஆண்டுகள் என் பழைய காரை அதனால்தான் துடைத்தேன். ஒருநாள் பானெட்டில் இரண்டிரண்டு கோடாக ஓடிய கீறல்களைக் கண்டு கையிலிருந்த துண்டை விரித்துப் பார்த்தபோது, அதன் விளிம்பில் தடித்த ஓவர்லாக் தையலும் அந்தத் தையலின் இடுக்கில் சிக்கிய மணலும் இருந்தன. துணி மெத்தென்றுதான் இருந்தது. விளிம்பில்லாத மைக்ரோஃபைபர் துணிகள் ஆறேழு வாங்கிக்கொள்ளுங்கள். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மறுபடி வண்டியில் வைக்காதீர்கள்.

இனி வெள்ளைப் புள்ளிகள். உங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீர் எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் காங்கேயம், பல்லடம், தாராபுரம் பக்கம் குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் பூக்காத வீடு குறைவு. சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் கோவைக்காரருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், துளி காய்ந்ததும் தகட்டின் மேல் தங்கிவிடுகின்றன. சுடும் தகட்டில் நாள்கணக்கில் விட்டால் பெயிண்ட்டை அரித்துக் குழியும் விழும். வெள்ளை வினிகரில் அதே அளவு நல்ல தண்ணீர் கலந்து துணியை நனைத்து, புள்ளிகள் மேல் ஓரிரு நிமிடம் போர்த்தி வைத்துவிட்டு நன்றாக அலசுங்கள். புதிய உப்பு கரைந்துவிடும்; குழி விழுந்தது மட்டும் நிற்கும். போர்வெல் தண்ணீரிலேயே கழுவலாம், தவறில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் இருபது லிட்டர் குடிநீர் கேன் ஒன்று போதும். காலை எட்டு மணிக்குள் நிழலில் வேலையை முடித்து, துளி எதுவும் தானாகக் காய விடாமல் துடைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை முதலில் சக்கரங்களைத் தனி வாளி, தனித் துணி கொண்டு முடியுங்கள். பிறகு உடலுக்கு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியைத் தேய்த்த பின்பும், தேய்க்கும் மென்மையான கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், நேர்க்கோட்டில். ஈரம் துடைத்தபின் கையை ஒரு மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டுப் பானெட்டின் மேல் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடம் பைக்குள் விட்ட கைக்கு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். பிரேக் தேய்மானத்தின் இரும்புத் துகளும் தார்ப்புள்ளியும் பெயிண்ட்டில் பதிந்திருக்கின்றன என்று அர்த்தம். அங்கே ஷாம்புத் தண்ணீர் தெளித்து, பதிந்த அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரை அழுத்தாமல் ஓட்டுங்கள். அது கீழே விழுந்தால் யோசிக்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.

ரப்பிங் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கம்பெனி பெயிண்ட்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட், பொதுவாக நாற்பது ஐம்பது மைக்ரான் அளவுதான்; நம் தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதல்ல, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து இறக்குவது. கடைகளில் ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடு மாட்டிக் கனமான காம்பவுண்டால் தேய்ப்பது வேகமான வேலை. ஆனால் விளிம்புகளில் ஒரு நொடி அதிகம் நின்றால் அடிப்பூச்சான ப்ரைமர் தெரிந்துவிடும். நீங்கள், சுழன்றபடியே அங்குமிங்கும் ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷினும் மென்மையான ஃபோம் பேடும் நயமான பாலிஷும் எடுத்துக்கொண்டு, ரப்பர் பீடிங், விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டடிச் சதுரத்தில் முயன்று பாருங்கள். அதற்கும் முன், கதவைத் திறந்து உள் விளிம்பில் வெள்ளைத் துணியால் கொஞ்சம் பாலிஷைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கருப்பு இறங்கினால் மேலே கிளியர் கோட் இல்லை, பழைய அம்பாசடர் காலத்துப் பெயிண்ட்டைப் போல நிறமே தேய்கிறது. இன்னும் அடக்கி வாசிக்க வேண்டும். இருபது வயது கடந்த வண்டியில் ஏதாவது ஒரு ஃபெண்டரோ பம்பரோ டிங்கரிங் பட்டறையில் மறுபெயிண்ட் ஆகியிருக்கும். அங்கே கம்பெனிக் கணக்கு செல்லாது. வலையில் முக்கால்வாசி மறைந்தால் போதும் என்று நிறுத்திவிடுங்கள்.

செராமிக் கோட்டிங் நல்ல பொருள்தான். ஆனால் அது கீறலை மறைக்காது. இப்போது போட்டால் வலையைப் பத்திரமாகப் பூட்டி வைத்ததாகவே ஆகும். இந்த முறை ஞாயிறு மாலை ஒரு மெழுகுப் பூச்சோடு முடியுங்கள்.

உள்ளே அதிக வேலை இல்லை. வேக்குவம், ஈரத்துணி, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன்: டேஷ்போர்டிலும் டயரிலும் எண்ணெய் தடவாதீர்கள், புழுதி முழுவதும் அதில் வந்து அப்பிக்கொள்ளும்.

சந்தனம் வைத்ததால் பெயிண்ட் கெடாது. காய்ந்ததை நகத்தாலும் உலர்ந்த துணியாலும் சுரண்டுவதால்தான் கெடுகிறது. அம்மாவிடம் சொல்லி முன்கண்ணாடியின் மூலையிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் வைக்கட்டும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் நனைந்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறித் தானாக வந்துவிடும்.