விறகுக் கொட்டிலும் பாம்பும்

கேள்வி: எங்கள் வளவின் பின்புறம் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. விறகு, பொச்சுமட்டை, நெல் மூடைகள், பழைய தறப்பாள் எல்லாம் அதற்குள்தான். மாரி தொடங்கிய பின் அதற்குள் அடிக்கடி பாம்பைக் காண்கிறோம். உள்ளியை இடித்துக் கரைத்துத் தெளித்தோம், பெனாயிலும் ஊற்றினோம். இது போதுமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: போதாது, சகோதரி. உள்ளி, பெனாயில், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் மணம் பாம்பைத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தெளித்துவிட்டோம் என்ற துணிவில் விறகுக்குள் கையை விடுவதே பெரிய ஆபத்து. நெல்லுக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. மழைவெள்ளம் வளைகளை நிரப்பும்போது ஈரமில்லாத ஒதுக்கிடம் தேடியும் அது வருகிறது. ஆகவே நெல்லையும் விறகையும் முதலில் பிரித்து வையுங்கள். நெல்லை மூடியுள்ள பரல்களில் இடுவது நல்லது. இயலாவிட்டால் மூடைகளை உயரமான பலகைத் தட்டில் அடுக்கி, சிந்தும் மணிகளை அன்றன்றே கூட்டி அள்ளுங்கள். விறகைச் சுவரோடு ஒட்டிக் குவிக்காமல், கற்களின் மேல் மரம் போட்டு, அடியில் மறுபக்க வெளிச்சம் தெரியும்படி அடுக்க வேண்டும். சமையலுக்கான விறகைப் பகலிலேயே, தடியால் தட்டிப் பார்த்து, மேலிருந்து எடுங்கள். தறப்பாளை உங்கள் பக்கமாக இழுக்காதீர்கள். நீண்ட தடியால் எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கினால், உள்ளே இருப்பது உங்களை விட்டு விலகிப் போக வழி கிடைக்கும்.

கண்ணாடி விரியன் சருகின் நிறத்தோடு ஒன்றி, அருகில் சென்றாலும் அசையாமல் கிடக்கும் என்பதால், பொச்சுமட்டைக் குவியலுக்குள் வெறுங்காலுடன் போகவே வேண்டாம். எனக்கு அதைவிடக் கவலை தருவது எண்ணெய் விரியன். இரவில் திரியும் அது, நிலத்தில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. பின்னர் வயிற்றுவலி வரும், கண்ணிமைகள் தாமாகச் சரியும். நெல்லுக்குக் காவலாகக் கொட்டிலில் படுப்பவர் இருந்தால், அவருக்குக் கட்டிலும், விளிம்புகளைப் படுக்கைக்கு அடியில் செருகிய நுளம்பு வலையும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: பாம்பு கடித்தால் கயிற்றால் இறுகக் கட்டிப் பரிகாரியிடம் கொண்டு போகலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வேண்டாம். கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு அவயவமே கெடலாம். கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ கூடாது. கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுப்பதால், கீறிய இடத்தில் குருதி நிற்காமல் போகக்கூடும். மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை அல்லது காலை அசையாது வைத்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் கிடைக்கும். அது எவ்வளவு விரைவில் ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பயன் கூடும். பாம்பைத் துரத்திப் பிடிக்க முயன்று இன்னொருவரும் கடி வாங்க வேண்டாம். தூரத்தில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் அதுவே மருத்துவருக்கு உதவும். கடித்ததா என்ற ஐயம் மட்டுமே இருந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே புறப்படுங்கள்.