பயன்பாட்டு நுண்பொருளியல் வகுப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவில் பொருளியல் முதுகலை, பிஎச்.டி. சேரப்போகும் சிலர் ‘அப்ளைடு மைக்ரோ’ (பயன்பாட்டு நுண்பொருளியல்) வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே அதைப் படித்தேன். பிறகு இரண்டு வருடம் அதே வகுப்புக்கு வீட்டுப்பாடமும் திருத்தினேன்.

அக்கா, எம்.ஏ.வில் படித்த மைக்ரோவிலிருந்து இது எப்படி வேறுபடும்?

எம்.ஏ.வில் கோட்பாட்டைக் கட்டுவோம். இங்கே தரவைக் கையில் வைத்துக்கொண்டு, இதனால்தான் அது நடந்ததா என்று கேட்போம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற பொருளியலாளர்கள் இரு பக்கத்திலுமாக 410 துரித உணவுக் கடைகளில், கூலி ஏறும் முன்னும் பின்னும் ஆட்களைக் கணக்கெடுத்தார்கள். இரண்டு பகுதிநேர ஆட்கள் சேர்ந்தால் ஒரு முழுநேர ஆள் என்று கணக்கு. கடைக்குச் சராசரியாக நியூ ஜெர்சியில் 20.44 பேர் 21.03 ஆனார்கள். பென்சில்வேனியாவில் 23.33 பேர் 21.17 ஆகக் குறைந்தார்கள். ஒன்றின் மாற்றத்திலிருந்து இன்னொன்றின் மாற்றத்தைக் கழித்தால் சுமார் 2.75. கூலி ஏறினால் ஆள் குறையும் என்ற பாடப்புத்தகக் கணிப்பு அங்கே பலிக்கவில்லை.

கழித்தல் யாருக்கும் வரும். கூலி ஏறாமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சியும் பென்சில்வேனியா போன பாதையிலேயே போயிருக்குமா? வகுப்பில் முழு நேரமும் இதைத்தான் விவாதித்தோம். 2000-இல் நியூமார்க், வாஷர் என்ற பொருளியலாளர்கள் அதே கூலி உயர்வைச் சம்பளப் பதிவேடுகளை வைத்துப் பார்த்து எதிர் முடிவுக்கு வந்ததையும் சேர்த்துப் படியுங்கள். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்கும் பழக்கம்தான் இந்த வகுப்பு தரும் பெரிய சொத்து.

கணக்கு நிறைய வேண்டுமா மேடம்?

நிகழ்தகவு, ரிக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணக்கிடும் முறை), கொஞ்சம் அணிக்கணிதம். அது போதும்.

எந்த மென்பொருள் கற்க வேண்டும், ஸ்டேட்டாவா (Stata), ஆரா (R)?

ஆசிரியர் எதில் பாடம் நடத்துகிறாரோ அதில் தொடங்குங்கள். மென்பொருளைவிடத் தரவைச் சுத்தம் செய்வதற்குத்தான் நேரம் போகும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஐபம்ஸ் (IPUMS) என்ற தரவுத் தளத்திலிருந்து இறக்கினால், மொத்த வருமானம் என்ற நெடுவரிசையில் சிறுவர்களுக்கு 9999999 என்றிருக்கும். ‘பொருந்தாது’ என்பதற்கான குறி அது. அப்படியே விட்டுச் சராசரி எடுத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் கோடீஸ்வரர்கள்! நான் திருத்திய தாள்களில் கணக்கிட்ட முறை சரியாக இருந்தும் இந்த ஒரு குறியால் முடிவு கெட்டுப்போனவை உண்டு. ரிக்ரஷன் ஓட்டும் முன் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாமா?

கடினம். வாரம் இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகள், வீட்டுப்பாடம், அப்புறம் யாரோ எழுதிய கட்டுரைக்கு நடுவர் போல விமர்சனம். முழுநேர வேலை இருந்தால் அந்தப் பருவத்தில் இந்த ஒரு வகுப்பை மட்டும் எடுங்கள்.

பருவ இறுதிக் கட்டுரைக்குத் தலைப்பு கிடைக்காமல் தவிக்கிறேன் அக்கா.

தலைப்பைத் தேடாதீர்கள் தம்பி, விதிகளைத் தேடுங்கள். இஸ்ரேல் பள்ளிகளில் 1990-களில் ஒரு வகுப்பில் 40 பேருக்கு மேல் கூடாது என்று விதி இருந்தது. 40 பேர் சேர்ந்தால் ஒரே வகுப்பு. 41-வது பிள்ளை வந்தால் இரண்டாகப் பிரிப்பார்கள், சராசரி 20.5 பேர். ஆங்கிரிஸ்ட், லேவி என்ற பொருளியலாளர்கள் 40-லிருந்து 20.5-க்கு இறங்கும் அந்தத் தாவலை வைத்துத்தான் சிறிய வகுப்பில் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று 1999-இல் எழுதினார்கள். வயது வரம்பு, வருமான வரம்பு, மதிப்பெண் வரம்பு என்று உங்களுக்குத் தெரிந்த விதிகளை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். வரம்புக்குச் சற்று மேலும் கீழும் இருப்பவர்களின் தரவு எங்கே கிடைக்கும் என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.