பைத்தானில் ஒரு லிஸ்டிலிருந்து ரேண்டமாக எடுக்கும்போது ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதே, ஏன்?

லிஸ்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தரும் ரேண்டம் சாய்ஸை (random.choice) லூப்பில் போட்டு ஐந்து பேரை எடுத்தால் சில நேரம் ஒரே பெயர் திரும்ப வருகிறது, பைத்தான் சரியாகக் கலக்கவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பைத்தான் மேல் தவறில்லை. சாய்ஸ் ஒவ்வொரு முறையும் முழு லிஸ்டிலிருந்துதான் எடுக்கும். முன்பு யாரை எடுத்தோம் என்பது அதற்குத் தெரியாது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஃபோர்டி (4D) என்ற நான்கிலக்க லாட்டரியில் ஒவ்வோர் இலக்கமும் தனித்தனியாக விழுகிறது, அதனால் 8838 வரலாம். டோட்டோ லாட்டரியில் 49 பந்துகள். வெளியே வந்த பந்து திரும்ப உள்ளே போகாது. சாய்ஸ் ஃபோர்டி மாதிரி. உங்களுக்கு வேண்டியது டோட்டோ மாதிரி, அதாவது சாம்பிள். லிஸ்டையும் 5 என்ற எண்ணையும் கொடுத்தால் போதும்.

நானும் இதில் மாட்டியவன்தான். எங்கள் புளோக்கில் தீபாவளி ஒன்றுகூடல், 60 குடும்பம், 10 பரிசு. அதிர்ஷ்டக் குலுக்குக்கு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஏழாவது பரிசுக்குத் திரையில் நம்பர் வந்ததும், முன்வரிசையில் ரைஸ் குக்கரை மடியில் வைத்திருந்த அக்கா கசங்கிய சீட்டைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இது என் நம்பராச்சே, எனக்குத்தான் அப்பவே கொடுத்துட்டீங்களே" என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய பரிசு போயிருக்கும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: 60 பேரில் 10 தடவை சாய்ஸ் ஓட்டினால், ஏதாவது ஒரு நம்பர் திரும்ப வரும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம். நடந்ததில் ஆச்சரியமே இல்லை!

சாய்ஸஸ் என்று பன்மையில் இன்னொன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதிலும் திரும்ப வரும்.

உங்கள் பெயர்கள் லிஸ்டில் இல்லாமல், வரிசை இல்லாத தொகுப்பான செட்டில் (set) இருந்தால், பைத்தான் 3.11 முதல் சாம்பிள் அதை ஏற்காது. சார்ட்டட் (sorted) போட்டு, வரிசைப்படுத்திய லிஸ்டாக்கிக் கொடுங்கள். வெறும் லிஸ்டாக மாற்றினால் வரிசை ஒவ்வொரு ரன்னிலும் மாறக்கூடும். அப்போது சோதனைக்கு சீட் (seed, அதே குலுக்கலைத் திரும்ப வரவைக்கும் தொடக்க எண்) வைத்தாலும் அதே முடிவு வராமல் போகலாம்.

லிஸ்டைக் கலக்க நீங்களே லூப் எழுத வேண்டாம், ஷஃபிள் இருக்கிறது. 'ஒவ்வோர் இடத்தையும் லிஸ்டில் ஏதோ ஓர் இடத்தோடு மாற்று' என்று எழுதுவது சரி போலத்தான் தோன்றும். மூன்று பெயரை வைத்துப் பாருங்கள்: ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று தேர்வு, ஆக 3×3×3 = 27 வழிகள், ஆனால் வரிசைகள் 6. 27 ஆறால் வகுபடாது, ஆகவே சில வரிசைகள் அதிகமாக வந்தே தீரும். 1964இல் டர்ஸ்டன்ஃபெல்ட் வெளியிட்ட முறையில், இன்னும் இடம் முடிவாகாதவற்றோடு மட்டும்தான் மாற்றுவார்கள்.

பணமோ பெரிய பரிசோ இருந்தால் சாதாரண ரேண்டம் வேண்டாம். அதன் அடியில் ஓடும், எண்களை உருவாக்கும் முறையான மெர்சென் ட்விஸ்டர் தரும் 624 முழு எண்களைத் தொடர்ந்து பார்த்தவர் அடுத்ததைச் சொல்லிவிட முடியும். கணினியின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து ரேண்டம் எண்களை வாங்கும் சிஸ்டம்ரேண்டம் (SystemRandom) ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, அதன் சாம்பிளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, குலுக்கைத் தொடங்குமுன் முழு லிஸ்டையும் திரையில் ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள். தன் நம்பர் உள்ளே இருக்கிறதா என்று எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும்.